பொட்டு வைத்த கைத்துப்பாக்கி

இலண்டனில் டூட்டிங்கிலும் நோர்பரியிலும் ஹவுன்ஸ்லோவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரே! பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் குடியமர்த்திவிட்டுக் கைப்பேசித் திரையில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் பெரியோரே! இக்கடிதம் என் மகனுக்கு உரியது. ஆயினும் உங்கள் முன்னிலையில் வைத்தே இதை எழுதுகிறேன். என் முறைப்பாடு இதுதான்: அமெரிக்காவில், ஒரு வீட்டின் கார்க் கொட்டகையில், ஒரு கைத்துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து என் மகன் கைக்கு மாறியது. அம்மாநிலத்துச் சட்டம் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பூசை நாளில் நான் அதைத் திரையில் கண்டேன்; அன்றிரவே அதன் படம் எங்கள் கைப்பேசிக் குடும்பக் குழுவில் வந்து விழுந்தது. அங்கும் ஒரு கேள்வியும் எழவில்லை. கைதட்டும் சின்னங்கள் குவிந்தன. "சிங்கம்" என்று ஒருவர் எழுதினார். அப்படத்தின் ஓரத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று நின்றதை எவரும் குறிப்பிடவில்லை. அவள் என் பேத்தி.

மகனே, உன் பெயரை இங்கு எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உன்னை அறிந்தவர்கள் அறிந்துகொள்வார்கள். அதற்காக நீ என்மேல் சினம் கொள்வாய் என்பதையும் அறிவேன். இரண்டு வாரங்களாக நீ என் அழைப்பை எடுக்கவில்லை. கடைசியாக எடுத்தபோது, "அப்பா, நீங்கள் பேசத் தொடங்கினா மைக்கை ஆரும் பறிக்கவும் ஏலாது" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். உண்மைதான். முப்பதாண்டுகளாக இந்நகரத்து மண்டபங்களில் ஒலிவாங்கியை விடாமல் பிடித்திருந்தவன் நான். இப்போது ஒலிவாங்கி இல்லை, எழுதுகோல்தான் இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியும், எந்த நாள் என்னை இதை எடுக்க வைத்தது என்று.

அது கலைமகள் விழாவின் நிறைவு நாள், கருவிகளுக்குப் பூசை செய்யும் நாள். உனக்கு நண்பகல், எங்களுக்கு மாலைத் தேநீர் வேளை. டெக்சாசு மாநிலத்தில் நீ வாங்கிய புதுவீட்டில், சமையலறையை ஒட்டிய சுவரலுமாரியைச் சாமி அறையாக்கியிருக்கிறாய் என்று மருமகள் ஆசையோடு காட்டினாள். மேல்தட்டில் சாமிப் படங்கள், கீழ்த்தட்டில் கருவிகள். அத்தட்டு குழந்தையின் மார்பளவு உயரந்தான். உன் மடிக்கணினி, மருமகளின் காய்கறிக் கத்தி, கார்ச் சாவி, பேத்தியின் வண்ணக்கோல் பெட்டி என ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூ வைத்திருந்தீர்கள். நடுவில் கறுப்பாய் ஒன்று கிடந்தது. சுவரில் துளையிடும் கருவி என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதன் பிடியில் சந்தனம் அப்பியிருந்தது. குழல்வாயின் அருகே ஒரு சிறு விரலளவு குங்குமப் பொட்டு. அப்போது, என்னை அப்பப்பா என்றழைக்கும் பேத்தி திரைக்குள் முகத்தை நுழைத்தாள். "அப்பப்பா, எல்லாத்துக்கும் நான்தான் பொட்டு வச்சனான்!" என்றாள்.

நீ சிரித்தாய். மருமகளும் சிரித்தாள். உன் அம்மாதான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல பிள்ளையின்ர கையைக் கழுவுங்கோ" என்றாள். அது என்ன மறுமொழி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அந்தச் சின்ன விரல் எங்கே பட்டது என்பதை அவள் முதலில் கண்டுவிட்டாள்.

"மாமா, பயப்பிடாதேங்கோ, இஞ்ச எல்லாரும் வச்சிருக்கினம்" என்றாள் மருமகள். "எங்கே வாங்கினாய்?" என்று உன்னைக் கேட்டேன். நீங்கள் பெரியமாமா என்றழைக்கும் மருமகளின் தாய்மாமனிடம் இரண்டு இருந்தனவாம், ஒன்றை உனக்குத் தந்தாராம். "பத்திரம் ஏதும் எழுதினீர்களா? எவரேனும் உன்னை விசாரித்தார்களா?" என்றேன். "பேப்பர் ஒண்டும் தேவையில்லை, அப்பா. கடையில வாங்கினாத்தான் செக் பண்ணுவினம். ஆளுக்காள் குடுத்தா ஒண்டும் இல்லை" என்றாய். "வெளியே கொண்டுபோக உரிமம்?" என்றேன். "அதுவும் இப்ப தேவையில்லை. முந்தி வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, லைசன்ஸ் எடுக்கவேணுமாம். இப்ப விருப்பமெண்டா எடுக்கலாம்" என்றாய். அந்த வகுப்புக்குப் போனாயா என்று கேட்டேன். "எங்கயப்பா நேரம்!" என்றாய். பிறகு உன் குறும்பு தலைதூக்கியது. "நீங்கள் மேடையில எத்தினை வாளை உருவினீங்கள்! நான் ஒண்டே ஒண்டு வாங்கினன், அதுக்கு இவ்வளவு விசாரணையோ?" என்றாய்.

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது, மகனே. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். நான் கேட்ட கடைசிக் கேள்வியை முதலில் நினைவூட்டுகிறேன். "உள்ளே தோட்டா இருக்கிறதா?" என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்தாய். மருமகளைப் பார்த்தாய். பிறகு, "இல்லை... இருக்காது. பெரியமாமா கழட்டித்தான் தந்தவர்" என்றாய். 'இல்லை' என்ற சொல்லுக்கும் 'இருக்காது' என்ற சொல்லுக்கும் நடுவே என் பேத்தி நின்றுகொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் இந்த இரண்டு வாரமும் நான் உண்கிறேன், உறங்க முயல்கிறேன், பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடுகிறேன்.

நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு பகற்பொழுதில் எவனோ உன் பின்கதவின் கைப்பிடியைத் திருகினான். உள்ளே மருமகளும் குழந்தையும் தனியே இருந்தார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு உன்னை அழைத்தாள். நீ வீடு வந்து சேரும்வரை உன் நெஞ்சு பட்ட பாட்டை நான் அறிவேன். ஊரில், போர்க்காலத்தில், கதவுக்கு வெளியே துப்பாக்கியோடு ஆட்கள் நிற்க, உள்ளே மனைவியை அணைத்துக்கொண்டு மூச்சடக்கி இருந்தவன் நான். அவர்கள் எவர் என்பது இங்கே வேண்டியதில்லை. அன்று என்னிடமும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று பல்லாண்டுகள் எண்ணியிருக்கிறேன். ஆகவே உன் அச்சத்தை நான் எள்ளவில்லை. அந்த அச்சத்துக்கு நீ தேடிய மருந்தை, குழந்தையின் மார்பளவு உயரத்தில், பூவும் பொட்டும் இட்டு வைத்திருக்கிறாயே, அதைத்தான் கேட்கிறேன்.

இந்த இரண்டு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. நூலகத்துக் கணினியின் முன் அமர்ந்து, கண் எரியும்வரை உங்கள் மாநிலங்களின் சட்டங்களைப் படித்தேன். ஒரே நாடு என்கிறார்கள். துப்பாக்கி என்று வந்துவிட்டால் மாநிலத்துக்கு ஒரு நாடு. நியூயோர்க்கில் உரிமமின்றிக் கைத்துப்பாக்கியைத் தொட முடியாது; வேறு மாநிலத்து உரிமத்தையும் அங்கே ஏற்பதில்லை. உன் மாநிலத்திலோ, தகுதி உள்ளவன் எவனும் வயது வந்தபின் உரிமமின்றியே இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாம். உரிமம் பெற்ற கடைக்காரர் விற்றால் வாங்குபவனின் பின்புலத்தை ஆராயவேண்டும். உறவினரோ அயலவரோ கைமாற்றினால் அந்த ஆய்வு இல்லை, பதிவேடும் இல்லை. குழந்தையைப் பற்றி உன் மாநிலச் சட்டம் ஒன்றுமே சொல்லவில்லையா என்று தேடினேன். சொல்கிறது. தோட்டா நிரம்பிய துப்பாக்கி கவனக்குறைவால் பிள்ளையின் கையில் கிடைத்தால், கிடைக்கவிட்டவன் குற்றவாளி என்கிறது. பிள்ளையின் கையில் கிடைத்த பிறகு, மகனே! அதற்கு முன்னர் உன் வீட்டுக்கு வந்து, எங்கே வைத்திருக்கிறாய், பூட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் வரமாட்டார். எல்லாம் முடிந்தபின் வாய்திறக்கும் சட்டத்தை நம்பி என் பேத்தியை நான் எப்படி விட்டுவைப்பது?

"அப்பிடியெண்டா உங்கட இலண்டன் சட்டம் மட்டும் பெரிய திறமோ?" என்று நீ கேட்பாய். அதற்கு விடையாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. நோர்பரியில் என் தோழர் ஒருவர் இருந்தார். நான் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் நாற்காலி அடுக்கியவர், எனக்கு மாலை வாங்கி வந்தவர். உனக்கும் அவரைத் தெரியும்; பள்ளி விடுமுறைகளில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர். தம் வேலையிடத்து நண்பர்களோடு சேர்ந்து, களிமண் தட்டை வானில் எறிந்து சுடும் விளையாட்டுக்குப் போகத் தொடங்கினார். சொந்தமாக வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்க இங்கே காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். மருத்துவரிடம் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைப் பார்ப்பார்கள், உன்னை அறிந்தவரிடம் உன்னைப்பற்றி விசாரிப்பார்கள். அப்படி அறிந்தவராக அவர் என் பெயரைக் கொடுத்தார். ஒருநாள் மாலை வடைப்பொதியோடு வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கட பேரைப் போட்டிருக்கிறன். கேட்டா நல்ல வார்த்தை ஒண்டு சொல்லிவிடுங்கோ. உங்கட வாயில வாறதை அவங்கள் தட்டுவாங்களோ?" என்றார்.

காவல்துறையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பெண் மிகப் பொறுமையாகக் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா? வீட்டில் சச்சரவு உண்டா? அண்மையில் மனம் சோர்ந்து காணப்பட்டாரா? மகனே, எனக்கு விடை தெரியும். அவருடைய மனைவி கோயிலில் வைத்து உன் அம்மாவிடம் அழுதிருந்தாள். அவர் மாதக்கணக்கில் உறங்குவதில்லை, சாப்பாட்டுத் தட்டுகளைச் சுவரில் எறிகிறார், "எல்லாத்தையும் முடிச்சுப்போடுவன்" என்கிறார் என்று சொல்லியிருந்தாள். உன் அம்மா அதை எனக்குச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தொலைபேசியில் என்ன சொன்னேன் தெரியுமா? பண்பாளர், பொதுத்தொண்டர், நல்ல குடும்பத்தலைவர் என்று பாராட்டுரையே வழங்கினேன். நம்மவர் ஒருவருக்காக வெளியார் கேட்டால் நல்லதைத்தான் சொல்லவேண்டும், உள்வீட்டுச் செய்தியை வெளியே விடக்கூடாது என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். வீட்டுவசதிக் கடிதத்துக்கும் கடவுச்சீட்டுப் படத்துக்கும் 'இவரை அறிவேன்' என்று கையெழுத்திடுவதைப்போல, துப்பாக்கிக்கும் என் பெயரைத் தூக்கிக் கொடுத்தேன்.

அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவியே காவல்துறையை அழைத்தாள். அவர்கள் வந்து துப்பாக்கியை எடுத்துச் சென்றார்கள். எவருக்கும் காயமில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவள் இன்றுவரை விரித்துச் சொன்னதில்லை. டூட்டிங்கில் ஒரு மளிகைக்கடை வாசலில் என்னைக் கண்டபோது ஒன்றே ஒன்று சொன்னாள். "அண்ணை, நீங்கள் சொல்லியிருக்கவேண்டியதை நான் சொல்லவேண்டி வந்திட்டுது." கத்தரிக்காய்ப் பையோடு நான் நின்றேன். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே இந்நாட்டுச் சட்டத்தைப் புகழ எனக்கு வாயில்லை. அது கேட்டது, நான் பொய் சொன்னேன். உன் மாநிலத்துச் சட்டம் கேட்கவே இல்லை. அன்று கேட்ட கேள்விக்கு உண்மை சொல்லாதவன், இன்று கேட்கப்படாத கேள்வியைத் தானே கேட்காவிட்டால், வேறு எவர் கேட்பார்? உன் மாநிலம் உன்னைச் சோதிக்காமல் விட்டது உன்னை நம்பியதால் என்று எண்ணாதே. அது உன்னை அறியாது. உனக்குச் சினம் எவ்வளவு விரைவில் ஏறும், எவ்வளவு விரைவில் இறங்கும், சாவியை எங்கே வைத்தேன் என்று நாளுக்கு மூன்றுமுறை தேடுவாய் என்பதையெல்லாம் நான் அறிவேன். கார்ச் சாவியைத் தேடும் கைதான் அதையும் வைத்திருக்கிறது.

இப்போது உன் வாள் பேச்சுக்கு வருகிறேன். உனக்குப் பத்து வயது. டூட்டிங்கில் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா. நான் எழுதிய வீரவுரையை நீ மனனம் செய்தாய். அட்டையில் வாள் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டித் தந்தேன். மேடையில் பாதியில் மறந்துபோய் நின்றாய். திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன்: "உன்னைக் காப்பது எதுவோ அதை வணங்கு!" நீ வாளைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதை முழங்கினாய். மண்டபம் அதிர்ந்தது. திரும்பும்போது தொடருந்தில் வாளை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, வாள் பட்டா நோகுமோ?" என்று கேட்டாய். எதிர் இருக்கையிலிருந்த உன் அம்மா என்னைப் பார்த்தாள். கைதட்டல் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. "வீரன் அப்படிக் கேட்கமாட்டான்" என்றேன். அதன்பின் நீ கேட்கவில்லை. இருபத்தைந்தாண்டுகள் கழித்து, உன்னைக் காப்பது எதுவோ அதைத் தட்டில் வைத்துப் பொட்டிட்டு வணங்கியிருக்கிறாய். நான் எடுத்துக் கொடுத்த வரியை நீ மறக்கவில்லை. உன் மகளுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டாய்.

அன்று சொல்லவேண்டிய விடையை இன்று சொல்கிறேன். நோகும், மகனே. பட்டவனுக்கும் நோகும், வைத்திருந்தவனுக்கும் நோகும், எடுத்துக் கொடுத்தவனுக்கும் நோகும். உன் மகள் உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்னைப்போல் மறுமொழி சொல்லாதே.

இன்னும் ஒன்று என்னை அரிக்கிறது. நம் வீட்டில் பூசைத் தட்டில் வைத்த பொருளை அவரவர் மறுநாள் கையால் எடுத்து, தொழிலைத் தொடங்குவது வழக்கம். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசிப்பார்கள். மறுநாள் உன் மகள் தன் வண்ணக்கோலை எடுத்திருப்பாள். அதனருகே கிடந்தது அவள் பொட்டு வைத்த பொருள். அவளுக்கு அது அந்நியமில்லை, அஞ்சத்தக்கதுமில்லை. சாமிக்கு முன் இருந்தது, அப்பாவுக்கு உரியது, தன் கைபட்டது. தொடாதே என்று இனி நீ சொன்னால், "நான் முதலே தொட்டனான்" என்று சொல்லமாட்டாளா? அதை அங்கிருந்து எடுத்துவிட்டாயா, எடுத்து எங்கே வைத்தாய், தலையணைக்குக் கீழா, காரின் முன்பெட்டியிலா? நீ சொல்லவில்லை. நான் அழைக்கிறேன், மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை.

பெற்றோரே, உங்களை ஒரு நொடி அழைக்கிறேன். உங்களில் என் உறவினராய் இருப்போர், குடும்பக் குழுவில் அனுப்பிய கைதட்டல்களை அழியுங்கள். அந்நாட்டில் உங்கள் பிள்ளையும் வாழ்ந்தால், நலமா, சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே மூச்சில் கேளுங்கள்: வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி இருக்கிறதா? தோட்டா வேறாக இருக்கிறதா? கேட்டால் கோபிப்பார்கள் என்று நாவை அடக்காதீர்கள். நான் ஒருமுறை நாவை அடக்கினேன், அந்தக் கத்தரிக்காய்ப் பை இன்னும் என் கையில் கனக்கிறது.

மகனே, உனக்கு. மற்றொரு நாட்டின் சட்டத்தை மாற்ற எனக்கு வாக்குரிமை இல்லை. அங்கே குடியுரிமை பெறாத உனக்கும் இன்னும் இல்லை. வரும்போது அதை வீட்டில் குழந்தை உள்ளவனாகப் பயன்படுத்து. ஆனால் உன் வீட்டுக்குள் சட்டம் இயற்ற உனக்கு எவரும் உரிமம் தரவேண்டியதில்லை. கடிதத்தை மடிக்காதே. எழுந்து போ. முதலில் மருமகளோடு குழந்தையை வெளியே முற்றத்துக்கு அனுப்பு. அதனுள் தோட்டா இருக்கிறதா என்று பார்க்க உனக்குத் தெரியாது என்றால், தெரிந்ததுபோல் நடிக்காதே. தெரிந்தவரை அழைத்து, அவர் வரும்வரை அருகிலேயே நில். தோட்டாவை வெளியே எடுத்து, இரண்டையும் வெவ்வேறாகப் பூட்டு. பிறகு அது உன் வீட்டைவிட்டே போகட்டும். உரிமம் பெற்ற கடைக்காரரிடம் கொடு, அல்லது காவல்நிலையத்துக்கு முன்னறிவித்துவிட்டுக் கொடு. பின்கதவுக்கு வலிமையான தாழ்ப்பாள் போடு. அடுத்த மாதம் நான் வந்து நானே போட்டுத் தருவேன். அந்தக் கீழ்த்தட்டை வெறுமையாக்கு. பேத்தியின் வண்ணக்கோலை மட்டும் அதில் வை. வைத்துவிட்டுத் திரையைத் திறந்து எனக்குக் காட்டு. நானும் உன் அம்மாவும் கைப்பேசிக்கு முன் அமர்ந்திருக்கிறோம், தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. பேசமாட்டேன், மகனே, ஒரு சொல்லும் பேசமாட்டேன். தட்டை மட்டும் காட்டு. இப்போதே அழை.